சயாம் சம்மதிக்கிறது

எனக்குச் சயாம் கிடைத்தது.

நான் கேட்டு வாங்கியதல்ல. 1961-ல் எங்கள் கல்லூரிச் சரித்திரக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு, முதல் உலக யுத்தம் முடிந்து பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டை மேடையில் நடத்திக் காட்டுவது என்று ஞானம் மிஸ் முடிவு செய்தார். அதுவும் தமிழில். பிரிட்டன் வேதவல்லிக்கு, பிரான்ஸ் பத்மாசனிக்கு. இருவரும் ஸ்ரீரங்கம், இருவருக்கும் அப்பா வக்கீல். என் தோழி ஷரீபாவுக்கு ஜெர்மனி. தோற்ற நாடு என்பதால் கூப்பிடும்வரை அவள் வராந்தாவில் நிற்க வேண்டும். எனக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல், ஒரே ஒரு வசனம்: "சயாம் சம்மதிக்கிறது."

"எதுக்கு மிஸ் சம்மதிக்குது?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும்தாம்மா. பெரிய நாடுங்க பேசி முடிச்சதும் எழுந்து சொல்லிட்டு உக்காந்துக்க."

"சயாம் கொடியில வெள்ளை யானைடி. வெள்ளையம்மாவுக்குப் பொருத்தமா அமைஞ்சிருக்கு பாரேன்" என்றாள் வேதவல்லி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. என் பெயர் வெள்ளையம்மாள். திருவெள்ளறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசற்படி மிதித்த முதல் ஆள். சம்மதிக்கிறேன், சம்மதிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளிய வம்சம் அது. அதையே மேடையேறியும் சொல்ல வேண்டுமா?

கோபத்தோடு நூலகத்துக்குப் போய்ச் சயாமை, அதாவது இப்போதைய தாய்லாந்தை, தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் போய்ச் சந்தோஷம் வந்தது. கெட்டிக்கார நாடு! ஒரு பக்கம் பர்மாவில் பிரிட்டிஷ்காரன், மறுபக்கம் இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரன், உள்ளூரில் ரயில் பாதை போட ஜெர்மன்காரன். 1914-ல் யுத்தம் தொடங்கியபோது, "நான் எந்தப் பக்கமும் இல்லை" என்று சயாம் ஒதுங்கிக்கொண்டது. மூன்று வருஷம் வேடிக்கை பார்த்தது. 1917-ல் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்று தெரிய ஆரம்பித்ததும் சண்டையில் குதித்து, பாங்காக்கில் நின்றிருந்த ஜெர்மன் கப்பல்களை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. பிரான்ஸுக்கு ஆயிரத்துச் சொச்சம் பேரை அனுப்பியது. பெரும்பாலும் லாரி ஓட்டவும் விமானம் ஓட்டவும்.

இவ்வளவும் எதற்கு? சயாமில் ஒரு வெள்ளைக்காரன் குற்றம் செய்தால் சயாம் நீதிமன்றம் அவனை விசாரிக்க முடியாது. அவனவன் நாட்டுத் தூதர்தான் விசாரிப்பார். அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான். அதற்கு மாநாட்டில் ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. நாற்காலிக்காக யுத்தத்துக்குப் போன நாடு அது.

எனக்கு இது சட்டென்று விளங்கியதற்குக் காரணம் எங்கள் ஊர்த் தேர்.

எங்கள் தெருவில் திருவிழா வரி வாங்க மாட்டார்கள். சலுகை என்று நினைக்க வேண்டாம். வரி வாங்கினால் எங்களுக்கும் மரியாதை செய்ய வேண்டும், திருவிழாக் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். அதனால் வாங்காமலே ஒதுக்கிவைத்தார்கள். ஒரு வருஷம் மழையில் தேர்ச்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. ஆள் போதவில்லை. ஓடிவந்து எங்கள் தெருவைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் போனார்கள். போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "வரி வாங்கிக்கிறோம்னு ஊர் அறியச் சொல்லுங்க, அப்புறம் வடத்தைத் தொடறோம்" என்றார் வெள்ளைச்சாமிச் சித்தப்பா. உச்சி வெயில் ஏறும்வரை சாமி தேரிலேயே காத்திருந்தது. பிறகு சொன்னார்கள். தேரும் நகர்ந்தது.

சயாமின் கோரிக்கையை ஒரு ஷரத்தாக எழுதிக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். "எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரிட்டனும் பிரான்ஸும் கையெழுத்துப் போட்டாத்தான் மேடையில் வாசிக்கலாம். மாநாட்டு முறை அதுதானே?" என்றார்.

வேதவல்லி தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "யுத்தத்துல நீ என்னடி பண்ணினே? லாரி ஓட்டினே. அதுக்கு ஷரத்து வேறயா?"

பத்மாசனி பார்த்தாள். பார்த்துவிட்டு, "அழகா எழுதியிருக்கே. ஆனா என் வசனமே ரெண்டு பக்கம். நேரமில்லேடி" என்றாள்.

ஷரீபா மட்டும் முதுகில் தட்டினாள். "நான் போடறேண்டி கையெழுத்து. என்ன, ஜெர்மனி கையெழுத்துக்கு இப்ப மதிப்பில்ல."

விழாவுக்கு ஒவ்வொரு நாடும் தன் கொடியைக் கொண்டுவர வேண்டும். சண்டையில் இறங்கிய கையோடு சயாம் யானைக் கொடியை விட்டுவிட்டுக் கோடு போட்ட கொடிக்கு மாறிவிட்டது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கதவோரம் உட்காருகிறவளுக்கு யானையாவது பெரிதாக இருக்கட்டும் என்று, ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் கடைப் பலகை எழுதும் வீரமலை அண்ணனிடம் சிவப்புத் துணி கொடுத்து, வெள்ளை யானை வரையச் சொன்னேன். விழாவன்று காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வாங்கப் போனால், யானை கம்பீரமாக நின்றது. நெற்றியில், பாதம் வைத்த தென்கலை நாமத்தோடு.

"அண்ணே, இது சயாம் நாட்டு யானைண்ணே!"

"எந்த நாடா இருந்தா என்னம்மா? நாமம் இல்லாத யானையை இந்த ஊர்ல யாரு யானைன்னு சொல்லுவா? நாமத்துக்குக் காசு வேணாம், அது நானே பாத்துப் போட்டது. இன்னும் காயல, பாத்து எடுத்துட்டுப் போங்க."

மாற்ற நேரமில்லை. கொண்டுபோய் மேடையில் மாட்டினேன். வேதவல்லி வந்து பார்த்துப் பூரித்துப் போனாள். "பேஷ்! பாதம் எவ்வளவு லட்சணமா போட்டிருக்கான் பாரு. எங்காத்து நாமம்டி!"

பத்மாசனி வடகலை. வளைவு மட்டும்தான், பாதம் கிடையாது. அவள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து, யாரும் பார்க்காதபோது பாதத்தைத் துடைத்தாள். ஈரப் பெயிண்ட் தும்பிக்கை முழுக்க வழிந்தது.

திரை தூக்கப் பத்து நிமிஷம் இருந்தது. சிறப்பு விருந்தினரான ஓய்வு பெற்ற நீதிபதி முன்வரிசையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். மேடையில் மூன்றாம் உலக யுத்தம்.

"பாதத்தை அழிச்சவா கூட பிரிட்டன் ஒரே மேஜையில உக்காராது!"

"உக்கார வேண்டாமே! பௌத்த ராஜா யானைக்கு உங்க நாமம் எதுக்குடி? போட்டா எங்க நாமம் போடட்டும்!"

"ஸ்ரீரங்கத்துல வந்து வடகலை நாமமா? சொல்றதுக்கு நாக்கு கூசல?"

வேதவல்லி தொப்பியைக் கழற்றி வீசினாள். பிரிட்டன் வெளிநடப்புக்குத் தயார். ஞானம் மிஸ் தலையில் கைவைத்தார். "குழந்தைகளா, ஜட்ஜ் வந்து உக்காந்திருக்கார்..."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "உன் யானைதானே, நீ சொல்லு. எந்த நாமம்?"

"சயாம் நடுநிலை நாடு" என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வேதவல்லி காதருகே குனிந்தாள். "தென்கலைன்னு சொல்லு. உன் ஷரத்துல கையெழுத்துப் போடறேன்." அவள் நகர்ந்ததும் பத்மாசனி. "பாதம் வேண்டாம்னு மட்டும் சொல்லுடி. நானும் போடறேன்."

ஒருத்தியுடையதை வாங்கினால் இன்னொருத்தியுடையது போச்சு. எனக்கு இரண்டும் வேண்டும். சித்தப்பா வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தேர் சிக்கிவிட்டது, கூப்பிட்டும் விட்டார்கள். இப்போது விட்டால் இனி கேட்க மாட்டார்கள்.

எழுந்து, கையைக் கட்டிக்கொண்டேன்.

"யானையையே எடுத்துடறேன். எந்த நாமமும் இருக்காது. யாருக்கும் தோல்வி கிடையாது. ஆனா முதல்ல ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடுங்க. அப்புறம்தான் கொடியைத் தொடுவேன்."

"மிரட்டறியாடி?"

"ஆமா."

திரை இடுக்கு வழியே, முன்வரிசையில் நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. ஞானம் மிஸ் வேதவல்லியைப் பார்த்தார். வேதவல்லி பேனாவைக் கேட்டாள். தனக்குக் கீழே பத்மாசனி போடுவதா மேலே போடுவதா என்று ஒரு சின்னச் சண்டை வந்தது. பக்கத்தில் பக்கத்தில் போடவைத்தேன்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சிவப்புத் துணியைத் திருப்பி மாட்டினேன். வல்லரசுகளின் மேஜை மேல் கிடந்த வெள்ளை விரிப்பை உருவி, பட்டையாக மடித்து நடுவில் குத்தினேன். அதன் மேல் நீலம் வேண்டும். வராந்தாவுக்கு ஓடினேன்.

"ஷரீபா, உன் சால்வையைக் குடு!"

"யா அல்லா! தோத்த நாட்டுகிட்ட போத்தியிருக்கறதையும் பிடுங்கறீங்களே" என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். சிவப்பு, வெள்ளை, நீலம், வெள்ளை, சிவப்பு. சண்டையில் இறங்கிய சயாமின் அசல் கொடி. யானை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

திரை தடங்கலில்லாமல் எழுந்தது. பிரிட்டனும் பிரான்ஸும், பழைய மாணவிகள் பெயர் கீறிவைத்த மொட்டை மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உலகத்தைப் பங்கு போட்டார்கள். இரண்டு பக்க வசனத்தையும் பத்மாசனி ஒரு எழுத்து விடாமல் பேசினாள். என் முறை வந்தது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்து, மேஜையருகே போட்டேன். ஆனால் உட்காரவில்லை.

"சயாம் மண்ணில் குற்றம் செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும், இனிச் சயாம் நீதிமன்றத்தின் முன்தான் நிற்க வேண்டும். இதைச் சயாம் கேட்கிறது."

நீதிபதி சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "நியாயம்தானே!" என்று உரக்கச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. இப்போது எழுந்து பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். அதற்கு அவர்களிடம் எழுதிவைத்த வசனம் இல்லை. வேதவல்லி என்னைப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உண்மையான பாரிஸில் ஜெர்மனியின் உரிமையைத்தான் ரத்து செய்தார்கள். பிரிட்டனும் பிரான்ஸும் விட்டுக்கொடுக்க அதற்கு மேலும் ஆறேழு வருஷம் இழுத்தடித்தார்கள். எங்கள் கல்லூரியில் அவ்வளவு நேரம் ஆகவில்லை.

"பிரிட்டன்..." என்று தொடங்கி, வேதவல்லி சொன்னாள்: "பிரிட்டன் சம்மதிக்கிறது."

"பிரான்ஸும் சம்மதிக்கிறது" என்றாள் பத்மாசனி, அவளுக்கு முந்திக்கொண்டு உட்கார்ந்தபடி.

வராந்தாவிலிருந்து, யாரும் கூப்பிடாமலே, ஷரீபாவின் குரல் கேட்டது. "ஜெர்மனி எப்பவோ சம்மதிச்சிருச்சு. குளிருது, சால்வையைக் குடுங்கடி!"