கரையடியில் மஞ்சள் தண்ணீர்

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, தன் தோட்டத்துப் பள்ளத்தில் ஓடும் ஓடையை மறித்து அப்புசாமி ஓர் அணை கட்டியிருந்தார். பாசனத்துக்கா என்றால் அதுதான் இல்லை, படகு விடுவதற்கு! தறி ஓட்டிச் சம்பாதித்த மனிதருக்கு, ஊட்டி ஏரியில் ஒரு சவாரி போய் வந்ததிலிருந்து பிடித்த கிறுக்கு அது. அன்னம் மாதிரி மூன்று மிதிபடகு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமையானால் அவிநாசியிலிருந்தெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார்கள். கட்டும்போதே ஓர் எஞ்சினீயரைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்று மைத்துனர் சொல்லிப் பார்த்தார். "மண்ணைக் கொட்டி மிதிச்சாக் கரை. இதுக்கு எதுக்குங்க படிப்பு?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார் அப்புசாமி.

கரைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் ஒரு வளவு. நெருக்கி நெருக்கிக் கட்டிய ஓட்டு வீடுகள். முன்பெல்லாம் அங்கிருந்தவர்கள் காடு தோட்ட வேலைக்குப் போனார்கள். இப்போது பாதிப் பேர் தறிக்கு, மீதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. அங்கே குடியிருந்த சின்னத்தாயி, படகுத்துறையில் பஜ்ஜிக் கடை போட்டிருந்தாள். தொண்ணூற்றிரண்டாம் வருசம் கரையடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் ஊறுகிற இடத்தில் கன்னிமார் குடியிருப்பார்கள் என்பது அந்தப் பக்கத்தில் யாராவது சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியா என்ன? ஏழு கல்லை நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த அவள் மகள் செவ்வந்திக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததும், 'கன்னிமார் ஊத்து' என்ற பேர் ஊரெல்லாம் பரவிவிட்டது. அப்புசாமியும் மனசார அதை ஊற்று என்றே நம்பினார். தன் நிலத்தில் சாமி வந்து உட்கார்ந்தால் யாருக்குக் கசக்கும்?

தொண்ணூற்று மூன்றாம் வருசம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அணை முட்ட முட்ட நிறைந்து நின்றது. மழை விட்ட ஒரு காலையில் கரையடியிலிருந்து குலவைச் சத்தம் கேட்டு அப்புசாமி இறங்கிப் போனார். வளவே அங்கே கூடியிருந்தது. ஊற்று மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, பாத்தீங்களா! கன்னிமாரு மஞ்சத்தண்ணி ஆடறாங்க!" என்றாள் சின்னத்தாயி. அவள் கண் நிறைந்திருந்தது.

மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் மஞ்சத்தண்ணி ஊற்றி விளையாடுகிற ஊர் அது. மஞ்சளாக வருகிற தண்ணீரை வேறு என்னவென்று நினைப்பார்கள்? சொம்பும் பாட்டிலுமாக ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புசாமியும் ஒரு சொம்பில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டு, பயபக்தியாக ஒரு வாய் குடித்தார். பல்லில் நறநறவென்று மண் கடிபட்டது. மஞ்சளுக்கு ஏது நறநறப்பு? உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். அந்தத் தோட்டத்து மண் முழுக்கச் செம்மண். மஞ்சள் மண்ணை வெளியூரிலிருந்து லாரி லாரியாக அடித்து வந்து, கரையின் நடுவயிற்றில் கொட்டி மிதிக்கவைத்தவர் அவரேதான். அந்த வயிறுதான் இப்போது கரைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. முழு அணையும் உடைத்துக்கொண்டால் முதலில் போவது இந்த வளவு.

"சின்னத்தாயி, இது ஊத்தில்ல. அணை ஒழுகுது. எல்லாரையும் கூட்டிட்டு மேட்டுக்குப் போயிரு. நான் மடையைத் தெறக்கறேன்."

"சாமி வந்திருக்கற நேரத்துல என்னங்க பேச்சு இது?"

"எங்கரை மண்ணு எனக்குத் தெரியாதா? வாயில ஊத்திப் பாரு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "சாமி நம்ம பக்கம் வந்திருச்சுன்னு முதலாளிக்குப் பொறாமை" என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் நகரவில்லை. சின்னத்தாயி குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். மெதுவாக மென்றாள். பேத்தியைக் கொடுத்த தண்ணீர் என்று அவள் தினமும் கும்பிட்ட தண்ணீர் அது. அந்த முகத்தைப் பார்க்க அப்புசாமியால் முடியவில்லை.

அவள் உட்கார்ந்து, முதல் கல்லைப் பிடுங்கி மடியில் கட்டினாள்.

"கன்னிமாரு மேட்டுக்குப் போறாங்க. ஆளுக்கொரு கல்லைத் தூக்குங்க. செவ்வந்தி, கொழந்தையை எடுத்துட்டு முன்னால நட, கண்ணு!"

முதலாளி பேச்சுக்கு அசையாத கூட்டம் கல்லுக்குப் பின்னால் விறுவிறுவென்று மேடேறியது.

மடைக் கதவோ, கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாமல் துருப்பிடித்துக் கிடந்தது. படகு பார்த்துக்கொள்ளும் நஞ்சுண்டனும் அப்புசாமியும் கடப்பாரை போட்டு, உள்ளங்கை கிழிய நெம்பித்தான் அதைத் தூக்கினார்கள். தண்ணீர் வளவுக்கு எதிர்ப்புறமாக ஓடையில் இறங்கிப் போயிற்று. பொழுது சாய்கிற நேரம், அணை ஏறக்குறைய வடிந்த பிறகு, கரையின் நடுவில் ஒரு மாட்டு வண்டி நுழைகிற அளவுக்குப் பொத்தென்று உள்வாங்கியது. மிச்சத் தண்ணீர் வளவு வாசலில் கணுக்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை.

மறுநாள் சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகளுக்கு நடுவே நின்று, பஜ்ஜிச் சட்டியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள் சின்னத்தாயி. அப்புசாமி பக்கத்தில் வந்தார்.

"மனசை உட்றாத. இந்தவாட்டி நல்ல இஞ்சினீயரை வெச்சுக் கல்லுலயே கட்டிப்போடலாம்."

"உங்க நெலம், கட்டுங்க. போன தடவை கட்டறப்ப எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? படகுல ஏறுறவீங்க பொழுதோட ஊட்டுக்குப் போயிருவாங்க. கரைக்கடியில படுத்துத் தூங்கறது நாங்கதானுங்களே."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அப்புசாமியைக் குத்தியது. அவர் வளவைப் பார்த்தார்.

"கேக்கல. கேட்டா வேண்டாம்னிருப்பீங்க, அதான் கேக்கல" என்றார். "இப்பக் கேக்கறேன். கட்டட்டுமா?"

சின்னத்தாயி சட்டியிலிருந்த சேற்றை வழித்துக் கீழே போட்டாள்.

"வேண்டாமுங்க" என்றாள்.