கொதிகலன் காத்த இருவர்

கீழ்க்கடலில் எழுந்த இளங்கதிர் எழுவான்கரைத் தென்னைகளின் உச்சியைப் பொன்னாக்கி, வாவிநீரில் மெல்லப் படர்ந்து, மேற்கே படுவான்கரை வட்டை வயல்களின் வரப்புகளைத் தொடும் வேளையில், கரையோரக் கடதாசி ஆலையின் இரு புகைபோக்கிகளில் ஒன்றே புகைந்துகொண்டிருந்தது. போர் மூண்டபின், காகிதக் கூழுக்கான அக்கரை வைக்கோல் துறை கடந்து வருவது அருகிப்போகவே, கொதிகலன் ஒன்று குளிர்ந்துவிட்டது. தொழிலாளர் நெஞ்சிலோ அச்சம் நாளும் கொதித்தது.

அவ்விரு கொதிகலன்களையும் நெடுங்காலம் காத்தவர்கள் ஓட்டமாவடிப் பக்கீரும் மாங்கேணி அழகரத்தினமும். இனி ஒருவரே போதுமென்று மேலிடம் முடிவுசெய்த நாள்முதல் அழகரத்தினத்துக்கு உண்ட சோறு உடலில் ஒட்டவில்லை. பசியைவிடப் பெரிய அச்சமொன்று அவனை வாட்டியது. ஆலை தந்த அடையாள அட்டையைக் கண்டே இராணுவக் காவலரண் வீரர் தமிழனான அவனுக்கு வழிவிட்டனர். அத்தகைய அட்டையில்லாத அயல்வீட்டு நல்லரத்தினமோ, விறகுக்குச் சென்ற வழியில் நிறுத்தப்பட்டு, இன்னும் வீடு திரும்பினானில்லை.

மேலாளர் இருவரையும் ஒருங்கே அழைத்து, "யார் போவதென்று நீங்களே சொல்லுங்கள், எனக்கு மனம் வரவில்லை" என்றார்.

ஆழ்கிணற்றுள் எட்டிப்பார்த்தவன்போல் அழகரத்தினம் நடுங்கி நிற்க, பக்கீர் தலைகவிழ்ந்து, "நான் போறன் ஐயா. அட்டை தம்பிக்குத்தான் வேணும், அவன் நிக்கட்டும்" என்றார். மறுக்க நினைத்த அழகரத்தினத்தின் கை, சட்டைப்பையிலிருந்த அட்டையைப் பற்றிக்கொண்டது. பக்கீர் அவன் முகத்தைப் பாராமலே வெளியேறினார்.

அன்று மாலையும் வீரன் அட்டையை நோக்கிக் கையசைத்தான். உயிர் காத்த அவ்வட்டை சட்டைப்பையில் கல்லாய்க் கனக்க, தனித்து அனல் காத்த அழகரத்தினம், அமைதி காணாதவனாய், தமிழரும் முஸ்லிம்களுமான இரு சமூகத்தாரும் ஒருவர் தெருவில் மற்றவர் கால்வைக்க அஞ்சிய அக்காலத்தில், பல கண்கள் தன்னைத் தொடர்வதை உணர்ந்தும் ஓட்டமாவடிக்குள் ஒருநாள் நடந்தான். முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பக்கீர் திகைத்து எழுந்தார்.

"காக்கா," என்று அண்ணன் முறையில் அழைத்தான் அழகரத்தினம், "அண்டைக்கு நான் வாய் திறக்கல்ல."

"ஓம். நீ மறுத்திருந்தா நானே மனம்மாறி நிண்டிருப்பன், தம்பி. அந்தப் பயத்திலதான் உன்ட முகத்தப் பாக்காம வந்தன்."

பக்கீரின் மனைவி கைறுன்னிஸா தேநீர் கொணர்ந்து வைத்தாள். பக்கீர் கோப்பையை அவனிடம் நீட்டினார்.

"மற்றக் கொதிகலனும் அணைஞ்சிருமா?"

"தெரியாது காக்கா."

"பொழுதுபட முந்திக் காவலரணக் கடந்திரு" என்று எழுந்த பக்கீர், தம் ஊரார் காண, ஊரெல்லைவரை அவனோடு இணைந்து நடந்தார்.

அஞ்சாத நெஞ்சர் அந்நாளில் அரியர். நடுங்கியபடியே ஒருவர்க்கொருவர் வழிவிட்டவர்களாலேதான் அவ்வாவிக்கரை அந்த ஆண்டுகளைக் கடந்தது.