குழாய் வைத்த இடம்

மனுவின் அடியில் இருந்த முதல் கையெழுத்தைப் பார்த்ததும் ஹில்டா அதை இன்னொரு முறை படித்தாள். சுப்புராயன், விறகுத்தொட்டி முதலாளி, தண்டையார்பேட்டை. வேதமாணிக்கம் ஐயாவின் தரும நிதியிலிருந்து தங்கள் தெருவுக்கு ஒரு பொதுக்குழாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். தோல் மண்டி வைத்திருந்த ஐயா வருஷத்துக்கு ஒரு பகுதியைத் தேர்ந்து ஏதாவது நல்லது செய்வார். எங்கே, என்ன என்பதை நேரில் பார்த்து எழுதித் தருவது, அவர் நடத்திய இலவச ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஹில்டாவின் வேலை. அவள் எழுதியதை அவர் இதுவரை மாற்றியதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன், மழை பொய்த்த ஒரு கோடையில் சுப்புராயனின் தெருப் பக்கம் காலரா பரவியது. சுப்புராயன் வீட்டுக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. பின்னாலிருந்த குடிசைச் சந்திலிருந்து ஹில்டாவின் அம்மா ரோஸ்மேரி குடத்தோடு போய் நின்றாள். உங்கள் சந்து நோவு என் கிணற்றுக்கு வேண்டாம் என்று சொல்லி அவர் இரும்புக் கதவைப் பூட்டினார். ரோஸ்மேரி கால்வாயோரம் ஊற்றுத் தோண்டி மொண்டு வந்து குடித்தாள்; அவளுக்கும் நோவு கண்டது. நர்ஸ் படிப்பு விடுதியிலிருந்து ஹில்டா ஓடிவந்தபோது, அம்மாவின் உடலைப் பாயோடு சுருட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். கதவு பூட்டிய கதையைப் பக்கத்துக் குடிசை மரியம்தான் சொன்னாள்.

இடம் பார்க்கப் போன அன்று சுப்புராயன் நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்து வைத்தார். ஹில்டாவை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கெணறு உப்பா பூட்ச்சு சிஸ்டரம்மா. வாயில வெக்க முடியல. நம்ம வெறகுத்தொட்டியாண்ட மூலைல வெச்சீங்கன்னா எல்லாருக்கும் சவுரியம்."

அவள் சோடாவைத் தொடவில்லை. எழுந்து, குடிசைச் சந்தின் கடைக்கோடி வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

குழாய் சந்தின் கோடியில்தான் வைக்கப்பட வேண்டும், அங்கேதான் தேவை அதிகம் என்று எழுதினாள். அது உண்மை. அதற்குக் கீழே எழுதியவை வேறு. வேலையாளையோ வண்டியையோ அனுப்பக் கூடாது. வீட்டு ஆட்களே குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிட வேண்டும். சாவி மரியத்திடம் இருக்கட்டும். இந்த வரிகளை எழுதும்போது அவளுடைய எழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

தெருக்காரர்களுக்குத் தூரமாக இருக்காதா என்று ஐயா கேட்டார்.

"நடந்து வரட்டும் ஐயா" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

குழாய் திறந்த பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டாள். தினமும் சந்து முனையில் கொஞ்சநேரம் நிற்பாள். நான்காம் நாள் சுப்புராயனே வந்தார். மனைவிக்கு முட்டி வலியாம். இரண்டு பித்தளைக் குடங்கள். பெண்கள் யாரும் நகர்ந்து வழிவிடவில்லை. மரியம் வரிசையின் வாலைக் கைகாட்டினாள். வெயிலில் அவருடைய வழுக்கை பளபளத்தது. பார்க்கப் பார்க்க ஹில்டாவுக்கு மனம் ஆறவில்லை. இன்னும் வேண்டியிருந்தது.

அவர் அவளைக் கண்டு கும்பிட்டார். "உங்க புண்ணியம் சிஸ்டரம்மா."

ஹில்டா கிட்டே போனாள். ஆஸ்பத்திரிக்காகப் பழகிய பேச்சு அவளிடமிருந்து நழுவியது.

"அஞ்சு வருசம் முன்னால உங்க கேட்டாண்ட ஒரு அம்மா கொடத்தோட வந்து நின்னுச்சு. ரோஸ்மேரின்னு பேரு. நீங்க பூட்டிட்டீங்க. அது எங்கம்மா."

அவர் உண்மையாகவே யோசித்தார். "அந்த வருசம் எத்தினியோ பேர் வந்தாங்கோ. எனுக்கு மூஞ்சி ஞாபகம் இல்ல."

பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் வரிசையை விட்டுப் போகவில்லை. தண்ணீர் இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. அவருக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

மாதா கோயில் மணி ஒன்பது அடித்தது. மரியம் குழாயின் தலையில் கையை வைத்தபடி ஹில்டாவைப் பார்த்தாள்.

"டைம் ஆயிட்ச்சு. மூடட்டுமா, வுடட்டுமா? நீ சொல்லு."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. குழாயடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. அதை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. வழிந்த தண்ணீர் மணலைக் கரைத்துக்கொண்டு, நின்றிருந்தவர்களின் கால்களை ஒவ்வொன்றாக நனைத்தபடி, கடைசியில் நின்ற சுப்புராயனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.