மதிலுக்கு மேலால் வந்த நண்டாணம்

மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து வாயைப் பிளந்த அன்றே, புதியது வாங்கச் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடிப்பதென்று ஸம்ஸியா முடிவெடுத்துவிட்டாள். ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வாரச் சாப்பாட்டைக் கோடு போட்டு எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள். திங்கள் பருப்பு, செவ்வாய் பூசணிக்காய், புதன் முருங்கையிலை; மீன் வெள்ளிக்கு மட்டும். சாய்ந்தமருதுச் சந்தையில் அதற்கு அளவாகத்தான் சாமான் வாங்கினாள். நாளுக்கொன்றாகத் தேங்காய் ஏழு. இன்றைய விலைக்கு எட்டாவது தேங்காய் ஊதாரித்தனம்.

நெல் ஆலையில் நிறுவைக்கு நிற்கும் அவள் கணவன் அஷ்ரப் தாளை மேலிருந்து கீழே வாசித்தான்.

"அப்ப நாம வெள்ளிக்கிழம மட்டுந்தான் மனிசரா?"

திங்கள் ஒழுங்காகவே போனது. செவ்வாய் பகல் பக்கத்து வீட்டு முஸ்பிறா மதிலுக்கு மேலால் குழம்பு நிறைந்த ஒரு பீங்கானை நீட்டினாள். "கொஞ்சம் நண்டாணம் கா. புள்ளைக்கும் குடு." அஷ்ரப் அன்று பூசணிக்காய்ச் சட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவன் நண்டுக்கால் உறிஞ்சிய சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பீங்கானைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் ஸம்ஸியாவுக்குத் திக்கென்றது. அந்தத் தெருவில் எந்தப் பீங்கானும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. நண்டுக்குப் பதில் பூசணிக்காயா? முஸ்பிறா ஒன்றும் சொல்லமாட்டாள், அவளுடைய புருவம் சொல்லும். புதனுக்கும் வியாழனுக்கும் உரிய தேங்காய்களை உடைத்தாள். கடைக்கு ஓடி முட்டையும் சர்க்கரையும் வாங்கி, வட்டிலப்பம் அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புதன்கிழமை அதைவிடப் பெரிய பீங்கானில் இறால் வந்தது. ஸம்ஸியா பல்லைக் கடித்துக்கொண்டு கோழி புரியாணி ஆக்கினாள். வியாழன் காலையிலேயே புரியாணிக்கு மறுமொழியாக மாட்டிறைச்சி வந்து இறங்கியது.

"நல்ல திட்டம் புள்ள," என்றான் அஷ்ரப், விரலைச் சூப்பியபடி. "அடுத்த கிழமைக்கும் இப்பிடியே எழுது."

சப்பாத்துக் காசில் ஒரு வாருக்குக்கூட மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம், ஸம்ஸியா வெறும் பீங்கானைக் கையில் எடுத்தாள். தெருவே பார்க்கிறதென்று அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முஸ்பிறா வீட்டுக் குசினி வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"ராத்தா, இதுக்குள்ள வெக்க எங்கட ஊட்ட ஒண்டுமில்ல. என்னால ஏலா."

முஸ்பிறாவின் புருவம் உயரவில்லை. அப்படியே பலகையில் குந்திவிட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு நண்டு ஒத்துக்காது கா, மேலெல்லாம் கடிக்கும். தம்பி கொண்டுவந்து தந்த நண்டு, கொட்ட மனமில்லாமத்தான் உனக்குத் தந்தன். நீ வட்டிலப்பத்தத் தூக்கிக்கிட்டு வந்தாய்! அண்டையில இரிந்து நான் சரியா நித்திர கொண்டதில்ல. சீட்டுக்காசும் போயிட்டு."

"அப்ப அந்த மாட்டிறைச்சி?"

"உன்ட புரியாணிக்குப் பயந்து வாங்கினது!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. முஸ்பிறா வீட்டில் அன்று சோறும் புளியாணமும்தான். ஸம்ஸியா ஓடிப்போய் அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து வந்தாள். குசினி வாசலிலேயே பாயை விரித்து, ஒரே சகன் தட்டில் கொட்டி, இரண்டு பேரும் பசியோடு கை வைத்தார்கள்.

இரண்டாவது பிடி வாய்க்குப் போகும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தர் வாசம் அடித்தது. முதலில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. பிறகு அதற்குக் கீழே, காற்றில் எதையோ தேடிக்கொண்டு உயர்ந்த அஷ்ரப்பின் மூக்கு.

"ராத்தா, இண்டைக்கு என்ன வருது?"

முஸ்பிறாவுக்குப் புரையேறியது. அவள் தலையில் தட்டப் போன ஸம்ஸியாவின் கையிலிருந்து சோற்றுப் பருக்கைகள் பாய் முழுக்கச் சிதறின.