செங்கயல் கதவைத் திறந்தாள்

திருத்தணி பஜாரில் ரவிக்கை தைக்கும் யோகலட்சுமிக்கும் அவள் கணவன் ஹேமநாதனுக்கும் முடிச்சுப் போட்டதே ஆதிரைமணி எழுதிய மாயாஜாலக் கதைதான். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் அவள் முதல் பாகத்தில் மூழ்கியிருந்தபோது, பக்கத்தில் நின்றவன் குனிந்து, "பாம்பு ஆத்துல எறங்கற எடம் வந்துட்ச்சாங்க?" என்று கேட்டான். அப்படித்தான் ஆரம்பித்தது. பெண் பிறந்ததும், ஆற்றுப் பாம்பின் மேலேறி வந்து கோட்டையைக் காத்த கதாநாயகியின் பெயரையே வைத்தார்கள்: செங்கயல்.

பல வருடம் காக்க வைத்து இப்போதுதான் நான்காம் பாகம் வந்தது. யோகலட்சுமி தையலை ஓரங்கட்டிவிட்டுப் படித்தாள். பாதிக் கதையில், செங்கயல் எழுந்து போய் எதிரிப் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டாள். யாரும் மிரட்டவில்லை. மந்திரக்கட்டும் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் எதிரி ராணியோடு உட்கார்ந்து மாதுளம்பழம் தின்கிறாள்.

நடுவில் தாள் விட்டுப்போயிருக்கும் என்று பக்க எண்களைப் பார்த்தாள். வரிசையாகவே இருந்தன. பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். "கதையே அப்டித்தாங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள்.

அன்று கதை நினைப்பிலேயே தைத்துக் கொடுத்த ரவிக்கையோடு வாடிக்கைக்காரி கௌரியம்மாள் திரும்பி வந்தாள். "இன்னாம்மா, எனக்கு ரெண்டுமே எடது கையா?"

ஹேமநாதனும் படித்து முடித்தான்.

"நல்லாத்தான் கீது."

"எப்டிங்க? எதுக்குத் தெறந்தா அவ?"

"தெரில யோகா. நல்லவளாவே இருந்துகினு இருந்தா அவளுக்கும் சலிச்சிப் போவாதா?"

யோகலட்சுமி முதல் பாகத்தை எடுத்துப் புரட்டினாள். அதே நடை, அதே ஆறு. எழுதியவர் மாறவில்லை என்றால், மாறிப்போனது தானோ? முன்பு பிடித்ததே தப்போ? கோபப்படலாம் என்று பார்த்தால், யார்மேல் படுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், புத்தகத்தைப் பார்த்ததும் துள்ளினாள். "இதுல நான் இன்னா பண்றேம்மா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். வாய் வரவில்லை. "கெட்டவங்களுக்குக் கதவத் தெறந்து வுட்டுட்ட கண்ணு."

"நான் வில்லியா?" குழந்தையின் கண் விரிந்தது. அழப்போகிறாள் என்று யோகலட்சுமி கையை நீட்டினாள். அவளோ, "ஐ! நைனா, நான் வில்லி!" என்று கத்திக்கொண்டே தெருப் பிள்ளைகளிடம் சொல்ல ஓடிவிட்டாள்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் யோகலட்சுமி நின்றாள்.

ஹேமநாதன் போனைப் பார்த்தபடி கேட்டான்: "அஞ்சாம் பாகத்துக்கு இப்பவே பதிஞ்சி வைக்கலாமாம். உனக்குத்தான் புடிக்கலியே, வாணாமில்ல?"

"இல்ல, பதிஞ்சி வைங்க" என்றாள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.