கொடி பிடித்தவன்

கைதட்டல் வந்த விதத்திலேயே குரோசுகிக்குத் தெரிந்துவிட்டது, ஹயாசே ஜெயித்துவிட்டான். தோற்றவனுக்கும் கைதட்டுவார்கள்தான். ஆனால் அது ஆறிப்போன சோறு மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. அரங்கத்தின் கூரையே அறைக்குள் இறங்கி வந்தாற்போல இருந்தது.

பயில்வான்கள் தயாராகும் கிழக்கு அறையில் பாயில் உட்கார்ந்து முழங்காலுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான் குரோசுகி. கையை நிறுத்தவில்லை. வேண்டியதற்கு மேல் சுற்றி, இறுக்கம் தாங்காமல் அவிழ்த்து, மறுபடி சுற்றினான்.

மே மாத சுமோ மல்யுத்தப் போட்டியின் கடைசி நாள். கோப்பைக்கு இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவன் தென்ரோ. மேல்வரிசையின் உச்சியில் இருப்பவன், எல்லோரும் எதிர்பார்த்தவன். இன்னொருவன் ஹயாசே. தரவரிசைப் பட்டியலின் அடியில், யாரும் கண்டுகொள்ளாத இடத்திலிருந்து கிளம்பி, மோதியவர்களையெல்லாம் தள்ளிவிட்டு இங்கே வந்து நிற்கிறான். அவனும் குரோசுகியும் ஒரே பயிற்சிக் கூடத்துப் பயில்வான்கள். ஒரே வாத்தியார், ஒரே அடுப்பு. ஒரே கூடத்தார் தங்களுக்குள் மோதும் வழக்கம் இல்லை. கடைசி நாளில் இருவரும் முதலிடத்தில் சமமாக நின்றால் மட்டும்தான் உண்டு.

ஹயாசேயின் ஆட்டம் முடிந்தது. இனி தென்ரோ ஜெயித்தால் அவனும் ஹயாசேயும் சமம், இன்னொரு ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தென்ரோ தோற்றால் கோப்பை நேராக ஹயாசேயின் மடியில் வந்து விழும். இன்று தென்ரோவை எதிர்த்து நிற்கப்போகிறவன் குரோசுகி.

ஹயாசே உள்ளே வந்தான். மார்பெல்லாம் மண், மூக்கு நுனியில்கூட மண். "அண்ணே" என்று குனிந்து வணங்கினான். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எனக்காக ஜெயித்துக் கொடுங்கள் என்று எவன் வாய்விட்டுக் கேட்பான்? போய் மூலையில் உட்கார்ந்து, கலைந்த குடுமியை மறுபடி கட்டிக்கொள்ளக் குடுமி கட்டுகிறவரிடம் தலையைக் கொடுத்தான். எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்தவன் அவன். வந்த புதிதில் வாத்தியார் அவனைக் குரோசுகிக்கு எடுபிடியாகப் போட்டார். வருஷக்கணக்கில் செருப்பு அடுக்கினான், துண்டு நீட்டினான், குளியலில் முதுகு தேய்த்தான். நல்ல பையன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் வெறுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் ஒரு கௌரவம் உண்டு. நல்லவன்மீது வருவதற்கு ஒரே பெயர்தான். குரோசுகி அந்தப் பெயரைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் இந்தப் போட்டி முழுவதையும் ஓட்டியிருந்தான்.

அவனுக்கும் ஒரு காலம் இருந்தது. கடைசி நாள் வரை முன்னணியில் போய், கடைசி ஆட்டத்தில் கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தான். அதற்குப் பிறகு கோப்பை அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் போயிற்று, தோள் போயிற்று. ஆனாலும் மேல்வரிசையில் தொற்றிக்கொண்டிருந்தான். இந்தப் போட்டியில் ஜெயித்ததும் தோற்றதும் சரிக்குச் சரி. இன்று ஜெயித்தால் இடம் நிலைக்கும். தோற்றால் பட்டியலில் இறங்க வேண்டியதுதான்.

பக்கத்துப் பாயில் தொக்காச்சி மல்லாந்து கிடந்தான். வேறு கூடத்துக்காரன், வாய் சும்மா இருக்காது.

"ஏம்ப்பா குரோசுகி, உன் முதுகத் தேய்ச்ச பய இன்னைக்குக் கோப்பையத் தேய்க்கப் போறான் போலிருக்கே!"

"தேய்க்கட்டும்."

"அவ்வளவுதானா? நானா இருந்தா தென்ரோ கால்ல நானே போய் விழுந்திருவேன். தம்பின்னாலும் வயிறு வயிறுதானே."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குரோசுகியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து கச்சையை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே நடந்தபோது, தொக்காச்சி சொன்னது காதில் இல்லை, வயிற்றில் இருந்தது.

தோற்றுவிடலாம்.

வேண்டுமென்றே விழ வேண்டாம். அது மானக்கேடு. உயிரைக் கொடுத்துப் பிடிக்காமல் விட்டால் போதும். தென்ரோ மலை மாதிரி மனுஷன். அவனிடம் தோற்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? பிறகு தென்ரோவும் ஹயாசேயும் மோதட்டும். தென்ரோ பயலைத் தூக்கி எறிவான். தன் மூக்கை அறுத்து அடுத்தவனுக்குச் சகுனத்தடை செய்கிற கதைதான். குரோசுகிக்கு அது தெரியாமல் இல்லை. மூக்கு போனால் போகட்டும் என்று இருந்தது.

பெயர் சொல்லி அழைத்தார்கள். மண்மேடையில் ஏறினான். மேடையைப் புனிதமாக்கும் வழக்கப்படி எப்போதும் கை நிறைய உப்பை அள்ளி வீசுகிறவன் இன்று ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் உதறினான். நடுவரின் விசிறி திரும்பியது. இருவரும் குனிந்து, முஷ்டியைத் தரையில் ஊன்றி, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தென்ரோவின் கண் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி எங்கேயோ, அடுத்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மோதினார்கள். தென்ரோவின் தலை தாடையில் இடித்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கைகள் தாமாகவே போய் எதிராளியின் கச்சையைப் பிடித்துக்கொண்டன. அவற்றுக்கு வேறு எதுவும் தெரியாது. தென்ரோ நெம்பினான், தள்ளினான். குரோசுகி பின்னால் போய்க்கொண்டே இருந்தான். குதிகால்கள் ஆட்ட வட்டத்தின் வைக்கோல் விளிம்பில் முட்டி நின்றன. இனி ஒரு வேலையும் இல்லை. ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தால் போதும், தோல்வி.

அப்போது தென்ரோ ஒரு மூச்சு விட்டான். முடிந்தது என்று நினைத்தவன் விடுகிற மூச்சு, குரோசுகியின் தோளில் சூடாகப் பட்டது.

இவனும் என்னைப் படிக்கட்டாக்கிவிட்டுப் போகிறானா! ஒருத்தன் என் முதுகைத் தேய்த்து மேலே போகிறான், இன்னொருத்தன் என் நெஞ்சை மிதித்து மேலே போகிறான். எல்லோரும் மேலே போக நான் என்ன ஏணியா? ஹயாசேயின்மேல் எரிந்த அதே நெருப்பு தென்ரோவின்மேலும் பற்றிக்கொண்டது. வில் மாதிரிப் பின்னால் வளைந்து, தென்ரோவைத் தன் வயிற்றின்மேல் ஏற்றி, இடுப்பைத் திருப்பி வெளியே வீசினான். அந்த மலை முன்வரிசைப் பார்வையாளர்களின் நடுவில் போய் விழுந்தது.

விசிறி அவன் பக்கம் நீண்டது. அரங்கம் எழுந்து நின்றது. ஜனம் மகிழ்ச்சியில் வீசிய இருக்கை மெத்தைகள் பறந்தன. எல்லா வாயிலும் ஒரு பெயர்.

"ஹயாசே! ஹயாசே!"

குரோசுகி மேடையில் நின்று அதைக் கேட்டான். இந்த வயதில், இந்த முழங்காலோடு, வாழ்நாளிலேயே நல்ல ஆட்டத்தை ஆடிவிட்டு, அறையில் உட்கார்ந்து குடுமி கட்டிக்கொண்டிருக்கிறவனின் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

உள்ளே போகும் வழியில் நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"விளிம்புல நிக்கிறப்போ மனசுல என்ன ஓடுச்சு? தம்பியோட முகமா?"

"ஆமா" என்றான் குரோசுகி. "தம்பி முகம்தான்."

பொய் இல்லை. அதுவே இன்னும் கசந்தது. பெண் நிருபர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அறைக்குள் நுழைந்ததும் ஹயாசே ஓடிவந்து பாயில் நெற்றி பட விழுந்தான். முதுகு குலுங்கியது. "அண்ணே, அண்ணே" என்று விம்மினான்.

"எந்திரி. குடுமி கலையுது. மேடையில கோப்பை வாங்க வேணாமா?"

தொக்காச்சி மட்டும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஹயாசே கோப்பை வாங்கியதைக் குரோசுகி தொலைக்காட்சியில் பார்த்தான். தூக்கும்போது பயல் லேசாகத் தடுமாறினான். பின்னால் ஒருவர் தாங்கிக்கொண்டார். நானென்றால் தடுமாறியிருக்க மாட்டேன் என்று நினைத்தான். அந்தக் கனத்துக்கு எங்கே பிடிக்க வேண்டும், எப்படி இடுப்பைக் கொடுக்க வேண்டும் என்று அவன் மனசுக்குள் எத்தனையோ முறை தூக்கிப் பார்த்திருக்கிறான்.

வாத்தியார் வந்தார். களத்தை விட்டு வெகு நாளாகியும் அகலம் குறையாத மனிதர்.

"குரோசுகி, ஊர்வலத்துல கொடி நீ பிடிக்கணும். ஹயாசே கேட்டிருக்கான்."

கோப்பை வென்றவன் திறந்த காரில் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிக்கொடியைப் பிடித்துக்கொண்டு போக ஒருவன் வேண்டும். பெரிய மரியாதை என்பார்கள்.

"சின்னப் பசங்க யாரையாச்சும் வைக்கலாமே ஐயா."

"அவன் உன்னைத்தான் கேட்டான். உன் கருப்பு கிமோனோவைக் காலையிலேயே உன் சம்சாரம் கொடுத்து அனுப்பிட்டா. போய்க் கட்டிக்க."

காலையிலேயே! அப்படியானால் அவன் மேடை ஏறுமுன்பே, அவன் ஜெயிப்பான், தம்பி பக்கத்தில் உட்காருவான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவனை மட்டும் கேட்கவில்லை.

வெயில் இன்னும் இருந்தது. தெருவின் இரு பக்கமும் ஜனம். கார் நடைவேகத்தில் நகர்ந்தது. பின்னிருக்கையில் சாய்மானத்தின் மேல் ஹயாசே, பக்கத்தில் கொடியோடு குரோசுகி. ஆற்றுக்காற்று கொடியைப் பிடித்து இழுத்தது. கம்பு அவன் புண்பட்ட தாடையில் இடித்தது.

"கொடிய அந்தப் பக்கம் சாய்ங்க! ஹயாசே மூஞ்சி மறைக்குது!" என்று ஒரு படக்காரன் கத்தினான். குரோசுகி சாய்த்தான். இப்போது கொடி அவன் முகத்தை மறைத்தது. யாரும் கத்தவில்லை.

கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே, உதடு அதிகம் அசையாமல் ஹயாசே கூப்பிட்டான்.

"அண்ணே."

"என்னடா?"

"ஒண்ணு கேட்டா அடிப்பீங்களா?"

"கை ரெண்டும் கொடியில இருக்கு. அடிக்க முடியாது. கேளு."

"தோத்துடலாம்னு நெனச்சீங்கதானே?"

கொடித்துணி காற்றில் படபடத்தது. குரோசுகி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னா?"

"டிவியில பாத்தேன். கை நெறைய அள்ளுவீங்க உப்ப. இன்னைக்கு ரசத்துக்குப் போடுற மாதிரி கிள்ளிப் போட்டீங்க. சரி, அண்ணன் முடிவு பண்ணிட்டாருன்னு நெனச்சேன்."

கார் பாலத்தடியில் திரும்பியது. ஒரு கிழவர் கையை நீட்ட, ஹயாசே குனிந்து தொட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"நெனச்சேன்" என்றான் குரோசுகி. "விளிம்பு வரைக்கும் நெனச்சேன்."

"நானா இருந்தா தோத்திருப்பேன் அண்ணே."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத."

"சத்தியமா. நீங்க மேல ஏற ஏற எனக்கு எப்படி எரியும் தெரியுமா? உங்க துண்ட அந்தப் பிழி பிழிஞ்சேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

குரோசுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடி ஆடியது. கீழே நின்றவர்கள் அண்ணன் தம்பி சிரிப்பைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிரித்த கையோடு உள்ளே எதுவோ மறுபடி கடித்தது. பொறாமையைக்கூட இவனால் இப்படிச் சட்டென்று எடுத்து வெளியே வைக்க முடிகிறது. நான் எத்தனை நாளாக அதைப் பல்லுக்கிடையில் வைத்து மென்றுகொண்டிருந்தேன்! அதிலும் முந்திக்கொண்டானே.

"எல்லாரும் அழுவுறாங்க அண்ணே, நீங்க எனக்காக ஜெயிச்சீங்கன்னு."

"உனக்காக ஜெயிக்கலடா."

"தெரியும். அதான் உங்கள இந்தக் காருல ஏத்தினேன். மத்தவனா இருந்தா வழியெல்லாம் நான் நன்றி சொல்லிக்கிட்டே வரணும்."

கூடத்து வாசலில் கார் நின்றபோது தெருவே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே பெரிய கூடத்தில் தங்க நிறத் திரையை விரித்து, நடுவில் ஹயாசேயை உட்கார வைத்தார்கள். மடியில் கோப்பை. வெற்றிக்கு அடையாளமாகக் கையில் ஒரு பெரிய சிவப்பு மீனைக் கொடுத்தார்கள், வாலைப் பிடித்து உயர்த்திக் காட்டச் சொல்லி. எல்லோரும் இரு கையையும் தூக்கி "பன்சாய்!" என்று வாழ்த்து முழங்கினார்கள். குரோசுகியின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. குறைந்தால் யாராவது கவனித்துவிடுவார்களோ என்று அத்தனை உரக்கக் கத்தினான்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அவன் மகள் சுசு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே மனைவி சயோகோ வந்தாள்.

"அப்பா, நீங்க காருல வந்ததப் பாத்தேன்! நீங்கதானே முதல்ல வந்தீங்க?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சயோகோ தரையைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்துவிட்டால் போதும், குழந்தை இன்று ஒருநாள் அப்படியே நினைத்துக்கொண்டு தூங்கும். குரோசுகியின் கழுத்து அதற்கு ஆயத்தமாகிவிட்டது.

"இல்ல கண்ணு. முதல்ல வந்தது ஹயாசே மாமா. அப்பா பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"அப்ப நீங்க ஜெயிக்கலையா?"

"ஜெயிச்சேனே, என் ஆட்டத்த. பெரிய ஆளத் தூக்கிப் போட்டேன்."

"அப்ப ஏன் மாமாகிட்ட மீன் இருக்கு?"

ஹயாசே மீனைத் தாழ்த்திக்கொண்டு அவளை அழைத்தான்.

"சுசு, இங்க வா. அடுத்த போட்டியில உங்கப்பாவும் நானும் கடைசியில சமமா நிப்போம். அப்ப ரெண்டு பேரும் மோதலாம். நீ யார் பக்கம்?"

சுசு அப்பாவைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மீனின் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மீன் யாருக்கோ அவங்க பக்கம்."

கூடமே அதிர்ந்தது. வாத்தியாரின் வயிறு குலுங்கியது. சயோகோ வாயைப் பொத்திக்கொண்டாள். குரோசுகியும் சிரித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான். படக்காரர்கள் இன்னொரு தடவை என்று கேட்க, ஹயாசே மறுபடி மீனை உயர்த்தினான். சிவப்புச் செதில் விளக்கில் பளபளத்தது. நல்ல பெரிய மீன். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது பயலுக்கு. அதை ஒரு கையால் அப்படி நீட்டிப் பிடித்தால் எவ்வளவு கனக்கும் என்று குரோசுகி பார்த்துக்கொண்டே நின்றான்.