கடைசியாகத் திறந்த குடுவை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தம்பியின் சட்டைப்பையில் நாலாக மடித்துக் கிடந்த டி.என்.ஏ. சோதனை அறிக்கையிலிருந்து வந்தது. அவன் செல் வளர்க்கும் லேப்பில் வேலை பார்க்கிறான். எங்கள் தங்கை புற்றுநோயில் போவதற்கு முன், அவள் சம்மதத்தோடு கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஆறு வருடமாக அவன்தான் வளர்த்தான். பெருகியதும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவையில் விடுவான். அது மறுபடி பெருகும். அப்படி அறுபத்து மூன்று தலைமுறை.

2.

முதல் தொடக்கம்: "வம்சம் என்பது உயிரியலில்..."

(பாடப்புத்தக வாடை. வேண்டாம்.)

இரண்டாவது: "சுவடியைப் படியெடுப்பவன் செய்த பிழை அடுத்தடுத்த படிகளுக்கும் இறங்கும். எது எதன் பிள்ளை என்று அந்தப் பிழையை வைத்தே கண்டுபிடிப்பார்கள். மொழிகளிலும்..."

(துக்க வீட்டில் சொற்பொழிவு. இதுவும் வேண்டாம்.)

3.

ஞாயிறுதோறும் அம்மா தம்பிக்குப் போன் செய்வாள்.

"பாப்பா எப்படிடா இருக்கா?"

"நல்லா இருக்காம்மா. நேத்துதான் சாப்பாடு மாத்தினேன்."

அம்மா ஒன்றும் அசடு இல்லை. குடுவையில் இருப்பது வெறும் செல் என்று தெரியும். தெரிந்தும் கேட்பாள்.

குடுவையில் இருப்பது எங்கள் தங்கையே அல்ல என்றது அறிக்கை. அதே லேப்பில் வளரும் வேறு யாரோ ஒருத்தியின் செல்கள்.

"எப்படிடா?" என்றேன்.

"மெதுவா வளர்றதை முதல்ல கவனிக்கணும்ண்ணா, வேகமா வளர்றதைக் கடைசில. அதான் விதி. இவ மெதுவா வளர்றவ. ஆனா நான் இவளைக் கடைசில வெச்சுக்கிட்டேன்."

"ஏன்?"

"அப்பதான் அவசரமில்லாம கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

எல்லாக் குடுவைக்கும் ஊற்றும் திரவப் புட்டியில், முன்பே திறந்த அந்த இன்னொருத்தியின் ஒரு துளி விழுந்திருக்கிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ஜாதி அது. பெருகிப் பெருகி எங்களவளை இல்லாமல் ஆக்கிவிட்டது.

(உறையவைத்த பழைய குப்பிகள் இருக்குமே என்பீர்கள். இருந்தன. முதல் வருடத்தவை உருக்கியதும் செத்துவிட்டன. மற்றவற்றில் அவள் இல்லை.)

4.

ஒரு முடிவு: தம்பி சொல்லாமலே இருந்துவிடுகிறான். எழுதிக் காட்டினேன். "வாராவாரம் பொய் சொல்ல என்னால முடியாதுண்ணா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இன்னொன்று: சொல்லிவிடுகிறான். அம்மா கொஞ்சம் யோசித்து, "அந்தப் பொண்ணுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா இல்ல? நல்லா பாத்துக்கோ" என்கிறாள்.

அழகான வரி. அடித்துவிட்டேன். அது என் ஆசை, அம்மாவின் பேச்சு அல்ல. அவளுக்கு ஊரான் வீட்டு மகள் எதற்கு? தன் மகள்தான் வேண்டும். எனக்கும்தான்.

5.

இன்று ஞாயிறு. போன் அடித்தது. தம்பி எடுத்தான், என்னிடம் நீட்டிவிட்டான். வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன் என்று எனக்குத்தானே பெயர். "ஹலோ" என்றேன்.

"யாரு, பெரியவனா? பாப்பா எப்படி இருக்கா?"

"அம்மா, அவ..."

பதினொரு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு படியும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. முதல் படியில் நின்றது, அதன் பிள்ளை குட்டிகளுக்கெல்லாம் இறங்கிவிட்டது.

அம்மா லைனில் இருக்கிறாள். பேசுவதற்கு முன் மூக்கால் ஒரு சின்ன மூச்சு விடுவாள். தங்கையும் அப்படியே விடுவாள். அது இனி இந்த ஒரு இடத்தில்தான் கேட்கும்.

இதோ, மூச்சு விடுகிறாள். நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் போனை. காக்கவைக்காதீர்கள்.